ஆம் என்பதற்கான விசை

வுப்பர்டாலில், தொங்கு ரயிலின்
இரும்புக் கால்களுக்குப் பக்கத்தில்
தமிழ்ப் பாடசாலை வாடகைக்கு எடுத்த நிலவறை.
ஒரு காப்புறுதி நிறுவனம் கழித்துவிட்ட
பதினொரு மடிக்கணினிகள்.
நாளைக் காலை ஒன்பதரைக்கு நாலாம் வகுப்பு வரும்.

பொத்தானை அழுத்தினால் இரண்டு வினாடி.
அதற்குள் எஃப் இரண்டைத் தட்டிவிட வேண்டும்.
பிந்தினால் விண்டோஸ் முந்திக்கொள்ளும்,
வட்டம் சுற்றத் தொடங்கும்.
பிறகு அணைத்து, மூச்சு விட்டு, மறுபடி.
எனக்குப் பழக்கம்தான்.
வேலைக்குப் போகும் ஆறு ஐம்பத்திரண்டும்
கண்ணெதிரே இப்படித்தான் கதவை மூடும்.

நாலாவது முறை உள்ளே விட்டது.
நீலத் திரை, சாம்பல் எழுத்து.
சுட்டி செல்லாத ஊர், அம்புக்குறிகளால் நடக்க வேண்டும்.
எதை முதலில் எழுப்புவது என்று கேட்டது.
வன்தட்டையா, யூஎஸ்பியையா, வலையமைப்பையா.
யூஎஸ்பியை மேலே தூக்கினேன்.
வரிசையில் யார் முன்னால் என்பதை
ஒரு கூட்டல் குறி தீர்த்துவிடுகிறது.
வெளிநாட்டார் அலுவலகத்தில்
நூற்றி நாற்பதாம் எண்ணோடு நின்ற காலையில்
இந்தக் குறி எங்கே இருந்ததோ.

'செக்யூர் பூட்டையும் நிப்பாட்டுங்கோ அக்கா,
இல்லாட்டி லினக்ஸ் ஏறாது'
ஹாகனிலிருந்து துஷாந்தன், கைப்பேசியில்.
நிப்பாட்டினேன்.
சிவப்பு எழுத்தில் பயமுறுத்திப் பார்த்தது.
வீட்டுக்காரர் கறுப்பு எழுத்திலேயே
இதைவிட நன்றாகச் செய்வார்.

எஃப் பத்து.
சேமிக்கவா? ஒய் என்றால் ஆம்.
ஒய்யை அழுத்தினேன். அசையவில்லை.
அழுத்தி வைத்துக்கொண்டே இருந்தேன்.
துஷாந்தன் சிரித்தான்:
'அதுக்குள்ள அமெரிக்க விசைப்பலகை, அக்கா.
ஜெர்மன்காரன் இடம் மாத்தினது அதுக்குத் தெரியாது.
இசட்டைத் தட்டுங்கோ.'
தட்டினேன். ஆம் என்று எடுத்துக்கொண்டது.
இந்த நாட்டில் ஆம் சொல்லப் பழகியதே பெரும்பாடு,
அதுவும் கடைசி எழுத்தில் ஒளிந்திருக்கிறது.

ஏழாவதுதான் கூட்டத்தில் மூத்தது,
அலமாரி அடியில் கிடந்திருக்க வேண்டும்.
உள்ளே நாணயமளவு மின்கலம் செத்திருந்தது.
திகதி:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

கையை எடுத்துவிட்டேன்.

அது ஒன்றையும் நினைவூட்டவில்லை,
யாரோ ஒரு பொறியாளர் எழுதி வைத்த தொடக்க நாள்.
மின்சாரம் போகும்போதெல்லாம்
அந்தக் காலைக்கே திரும்புகிறது, சும்மா.
நான் அன்று எந்தப் பாதையில்
எதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன் என்பது
அதன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆண்டை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடிந்தது.
பத்து. பதினொன்று. பன்னிரண்டில் விமானம்.
பதினாறில் யாழிசை.
இருபத்தைந்தில் நிறுத்தினேன்.
ஒன்பதிலிருந்து பத்துக்கும்
ஒரே ஒரு தட்டல்தான் கேட்டது.

புதிய மின்கலம் ஒரு யூரோ இருபது.
திங்கட்கிழமை வாங்கலாம்.

பிள்ளைகள் கிண்டாமலிருக்கக் கடவுச்சொல் வைத்தேன்,
மகளின் பெயரை.
முன்னால் ஒய், ழகரத்துக்கு இசட்டும் எச்சும்.
திரையில் புள்ளிகள்தான் விழுந்தன.
உள்ளே ஒய்யும் இசட்டும் மாறி
வாயில் நுழையாத வேறொருத்தி பதிந்திருப்பாள்.
பரவாயில்லை.
பிழையாகப் பதிந்த பெயரும் கதவைத் திறக்கும்,
ஒவ்வொரு முறையும் அதே பிழையை விட்டால்.
மருத்துவமனையில் என்னை அழைக்கும்போது
நான் எழுந்து போவதில்லையா.

பதினோராவது திறக்கவில்லை.
யாரோ ஒரு அலுவலரின் சொல்லைக் கேட்டபடி இருக்கிறது.
அவருடைய நாயின் பெயரோ, காதலியின் பெயரோ.
மூன்று முறை பிழைத்தால் பூட்டிக்கொள்கிறது.
இரண்டோடு விட்டேன்.

நாளை பதினேழு பிள்ளைகள், பத்துக் கணினிகள்.
யார் யாரோடு இருப்பது என்று
கடித உறையின் பின்பக்கம் எழுதிப் பார்க்கிறேன்.
அபிநயன் யாரோடும் இருக்க மாட்டான்.
மேலே கடைசி ரயில் தொங்கிக்கொண்டு போக
மேசை மெல்ல அதிர்கிறது.
ஏழாவதின் மூடியை மட்டும் மூடவில்லை.
மின்சாரம் போகாமலிருக்க வேண்டும், விடியும் வரை.