உதடு நின்ற இடம்

ராசல் கைமா, சிமெண்டு ஆலைக்குப் பின்னால்
ஏழாம் எண் அறை.
ஏ.சி.க்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி.
அதில் சொட்டும் தண்ணீர்தான் எங்கள் கடிகாரம்.
வியாழன் இரவு, இஷாவுக்குப் பிறகு,
குல் ஸரீனின் பென் டிரைவிலிருந்து
மூஸா நபி.

ஈரானில் எடுத்தது என்கிறான் அவன்.
உதடுகள் பாரசீகம்.
குரல் லாகூர்க்காரர் யாரோ ஒருவருடையது.
பார்க்கிற எங்களில் ஒருவனுக்கும்
உருது தாய்மொழி இல்லை.
குல் ஸரீனுக்குப் பஷ்தோ,
முக்லிசுக்கு சில்ஹெட்டுப் பேச்சு,
எனக்குத் தமிழ்,
அதுவும் பாதிதான் வெளியே வரும்.

செய்யது நெய்னார் என்று நான் சொல்லி முடிக்க
எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில்
பின்னால் பதினோரு பேர் பொறுத்திருக்க வேண்டும்.
அதனால் குல் ஸரீன் கூடவே வருவான்.
இவன் பெயர் இது, வீட்டுக்கு இவ்வளவு,
எல்லாம் அவனே சொல்லிவிடுவான்.
நான் தலையாட்டுவேன்,
ரசீதை மடித்துப் பைக்குள் வைப்பேன்.

முக்லிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான்.
நபிக்கு ஒரு நடிகன் முகம் கொடுப்பது பாவமாம்.
பார்க்க மாட்டான், கேட்பான்.
அழுகிற கட்டங்களில்
அவன் முதுகு அழும்.

மத்யன் வந்த வாரம் அறை நிறைந்திருந்தது.
எகிப்தை விட்டு ஓடிவந்தவர்,
கையில் காகிதம் ஒன்றும் கிடையாது,
கிணற்றடியில் பசியோடு நிற்கிறார்.
ஆட்டுமந்தைக்காரர் சொல்கிறார்:
எட்டு வருடம் வேலை,
பத்தாக்கினால் அது உன் பெருந்தன்மை.

குல் ஸரீன் படத்தை நிறுத்தினான்.
"காண்ட்ராக்ட்!"
கட்டில்கள் ஆடச் சிரித்தோம்.
டிக்கெட் உண்டாமா, லீவு சம்பளம் உண்டாமா
என்று யாரோ கேட்டார்கள்.
பெண்ணையே கொடுக்கிறார், அப்புறம் என்னடா
என்றது இன்னொரு குரல்.
தவ்பா தவ்பா என்றது முதுகு.
எனக்கு இது பதினான்காவது வருடம்.
நானும் சிரித்தேனா, நினைவில்லை.

அடுத்த வியாழன், மலை.
நெருப்பு. கைத்தடி. செருப்பைக் கழற்றிய கால்கள்.
ஃபிர்அவ்னிடம் போ என்று கட்டளை.
அவர் கேட்கிறார்,
என் நாவில் ஒரு முடிச்சு இருக்கிறது, அவிழ்த்துவிடு,
என்னைவிடப் பேசத் தெரிந்த என் சகோதரனைத் துணைக்கு அனுப்பு.

உருதுக் குரல்
எண்ணெய் போட்ட தாழ்ப்பாளாய் வழுக்கிக்கொண்டு போனது.
ஒரு சொல் இடறவில்லை.
வாஹ் என்றான் குல் ஸரீன்.
முக்லிசின் முதுகு குலுங்கியது.

நான் பார்த்தேன்,
அந்த நடிகரின் மேலுதடு
கீழுதட்டில் போய் ஒட்டி
நின்றது.
கழுத்து நரம்பு எழும்பியது.
இடது இமையில், எனக்கு வருவதுபோலவே,
ஒரு துடிப்பு.
குரல் அதற்குள் அடுத்த வாக்கியத்தில் இருந்தது.

ஆக, அங்கே, பாரசீகத்தில்,
ஒரு மனிதன் கண்ணாடி முன் நின்று
நாள்கணக்கில் என் தடங்கலைப் பழகியிருக்கிறான்.
லாகூரில் யாரோ இரக்கப்பட்டுத்
துடைத்துவிட்டார்கள்.

எல்லோரும் தூங்கிய பின்
சத்தத்தை முழுக்கக் குறைத்துப்
பின்னால் ஓட்டினேன்.
ஒட்டும் உதடு.
மறுபடி.
வாளியில் நான்கு சொட்டு விழும்வரை
நிற்கிறது அது.
மறுபடி.

"என்ன பார்க்கிறாய்?"
சுவரிடமிருந்து முக்லிஸ்.
எனக்காகச் சொல்ல
குல் ஸரீன் விழித்திருக்கவில்லை.
தொடங்கினேன்.
'மூ'வில் நின்றது.
சொட்டு.
அவன் எடுத்துக் கொடுக்கவில்லை.
சொட்டு, சொட்டு.
அதன் பிறகு நான் எண்ணவில்லை.

சொல்லி முடித்தபோது
முதுகு திரும்பியது.
முகத்தைக் கையால் மூடிக்கொண்டு,
விரலிடுக்கில்
அந்த உதட்டை மட்டும் பார்த்தான்.