பத்து மடங்கு

கிளீன் ரூமுக்குள் காகிதம் கூடாது.
மருந்துப் பெட்டியில் மடித்துச் செருகியிருந்த தாளை
கையுறைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன்.
பாயான் லெப்பாஸ், இரவு ஷிஃப்ட்.
சில்லுகளில் குறை பார்க்கும் லென்ஸுக்கடியில் விரித்தேன்.
வெறுங்கண்ணுக்கு எறும்புச் சாரி;
பத்து மடங்கில் ஒவ்வொன்றும் தலை தூக்கியது.
குமட்டல். வாய் உலர்தல். இரவு வியர்வை. கொட்டாவி.
கொட்டாவி கூடவா என்று சிரிக்கும்போதே
ஒன்று வந்தது.

எங்கள் கணக்கில்
பத்து லட்சத்தில் நாலு பிசகினால்
லைனை நிறுத்தி மேலாளரை எழுப்புவோம்.
இந்தத் தாள் கூசாமல் சொல்கிறது:
பத்தில் ஒருவருக்கு, நூறில் ஒருவருக்கு.
அந்த ஒருவரின் பெயரைப் போடவில்லை.

முதல் இரண்டு வாரம்
நெஞ்சு முன்னைவிட வேகமாய் அடித்தது.
ஜெலுத்தோங் கிளினிக் மருந்தாளர் ரோஸ்மாலிசா
மலாயில் முன்பே சொல்லியிருந்தார்:
ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள்.
செத்துப்போகலாம் என்று தோன்றினால் மட்டும்
ஆறு நிமிடம்கூடப் பொறுக்காதீர்கள், வந்துவிடுங்கள்.

ஐந்தாம் வாரம்
கீழே விழுந்த கரண்டியை உடனே எடுத்தேன்.
யாருக்கும் இது செய்தியில்லை.
முன்பென்றால் அது நாலு நாள் அங்கேயே கிடக்கும்.

குணாளன் புரண்டு படுத்தான், எதுவும் கேட்கவில்லை.
தாளில் அதற்கும் ஒரு வரி உண்டு.
காட்டினேன்.
கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தான்.
"அப்ப எம்மேல வெறுப்பில்ல"
என்று விளக்கை அணைத்தான்.

மரியசூசை சித்தப்பா சாவில்
கண்ணீர் வரவில்லை எனக்கு.
பெட்டியை மூடும்போதும் வரவில்லை.
மன அழுத்தத்துக்கு மருந்து தின்கிறவளை
அழுத்தக்காரி என்றார்கள்.

அந்தக் கோபத்தில், நல்லாத்தானே இருக்கேன் என்று
நானாகவே நிறுத்தினேன்.
நாலாம் நாள், பட்டர்வொர்த் ஃபெரியில்
தலையைத் திருப்பினேன்;
கடல் ஒரு நொடி பிந்தி வந்தது.
மண்டைக்குள் யாரோ சுவிட்சைச்
சொடுக்கிச் சொடுக்கி விளையாடினார்கள்.

டாக்டர் திட்டவில்லை.
மறுபடி தொடங்குங்கள், விட வேண்டுமானால்
பாதி பாதியாய், மாதக் கணக்கில் விடுவோம் என்றார்.
சித்தப்பாவைப் பற்றியும் எழுதிக்கொண்டார்.

இப்போது விடிகாலை நாலு.
லென்ஸுக்கடியில் ஒரு சில்லு, ஓரத்தில் கீறல்.
அளந்து பார்த்தேன், வரம்புக்குள்தான்.
கொட்டாவி வந்தது.
பக்கத்து இருக்கை சியூ லானுக்கும் தொற்றியது.
அவள் என்ன மாத்திரை போடுகிறாள் என்று
நான் கேட்டதில்லை.