தரம் பார்த்தல்

"இது இங்கிருந்து இப்படி இங்கே வரும்,"
அம்புக்குறி போட்டுக்கொண்டே சொன்னார் கெர்பர்.
மூன்றாம் வரிசையில் ஒரு கை எழுந்தது.
"எது? எங்கிருந்து? எப்படி?"
அரங்கம் சிரித்தது.
கெர்பர் சுண்ணக்கட்டியை வைத்தார்,
தொண்டையைச் செருமினார்,
எலக்ட்ரான் இணையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
ஆக்சிஜன் வாசலிலிருந்து கார்பன் வரை
வாயாலேயே நடத்திக்கொண்டு போனார்.
பின்வரிசையில் பலருக்கு அன்றுதான் புரிந்தது.
ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

நான் பேர்ன் பல்கலைக்கழகத்தில்
குடுவை கழுவுகிறவள், கரைசல் கலக்குகிறவள்.
செப்டம்பரில் என் வேலைப் பட்டியலில்
ஒரு வரி கூடியது:
படங்களைப் புடைக்கவைத்தல், ஃபிளூரினாவுக்கு.

அதற்கென்று ஒரு தாள்.
மை பட்ட இடமெல்லாம் சூட்டில் எழும்பும்
அப்பளம் மாதிரி.
முதல் வரைபடத்தில் இரண்டு விரலை ஓட்டினாள்.
"ஏறுகிறது. இங்கே சடாரென நிமிர்கிறது. சரி.
குறுக்கே ஓடும் இந்த மெல்லிய கோடு?
இன்னொரு அமிலமா?"
குனிந்து பார்த்தேன்.
நகல் எந்திரத்துக் கண்ணாடியில் விழுந்த
என் தலைமுடி.
"சோதனைப் பிழை," என்றேன்.
மறுபடி தடவினாள்.
"நீளமான பிழை."

பினாப்தலீனின் இளஞ்சிவப்புக்குத்தான்
என்னிடம் ஒன்றுமில்லை.
நிறத்தை ஒலியாக்கும் கருவி வர ஆறு வாரமாம்.
கடைக்குப் போனேன்.
சிவப்பு வெங்காயம், இரண்டு கிலோ.
நறுக்கிக் காரத்தில் ஊறப்போட்டால்
வாசனை ஒளிந்துகொள்ளும்;
அமிலம் சொட்டச் சொட்ட
காரம் தீர்ந்த கணத்தில் வெளியே வரும்.
ஊசி இல்லாத சிரிஞ்சில் பள்ளங்கள் வெட்டினேன்,
பள்ளத்துக்கு அரை மில்லி.

தொட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார்,
சுவைத்து மட்டும் பார்க்காதே, அது கூட விதி.
என் மொழியில் எல்லாப் புலனுக்கும் பின்னால்
ஒரு 'பார்' வந்து நிற்கும் என்று
அரைகுறை ஜெர்மனில் அவளிடம் சொன்னேன்.
"அப்போது கண்ணால் பார்ப்பதற்கு?"
"சும்மா பார்."
"அப்படியானால் அதுதான் சோம்பேறி,"
என்றபடி அடுத்த சொட்டை விட்டாள்.

இருபத்தொன்றரை. இருபத்தொன்று. இருபத்தொன்று.
பக்கத்து மேசை லூக்காவின் குடுவையில்
ரோஜா தாண்டி பீட்ரூட் ஆகியிருந்தது.

முகர்வதற்காகக் காற்றிழுப்பானை
சற்றே தணித்து வைத்திருந்தோம்.
மூன்றாம் மாடியிலிருந்து
பாதுகாப்பு அதிகாரி இறங்கி வந்தார்,
கையில் படிவம், மூக்கில் கைக்குட்டை.
"யார் இங்கே சமைப்பது?"

உட்கார்ந்து நிரப்பினேன்.
பொருள்: வெங்காயம்.
பாதிப்பு: கண் எரிச்சல், கண்ணீர்.
பாதிக்கப்பட்டோர்: பதினொருவர்.

சத்தமாகத்தான் வாசித்திருக்கிறேன் போலும்.
"எனக்கும் எரிகிறது,"
புறங்கையால் கன்னம் துடைத்தபடி
சொன்னாள் ஃபிளூரினா.

அடித்துவிட்டு எழுதினேன்:
பன்னிருவர்.