விழுங்கும் சத்தம்

காலை ஒன்பதுக்கு அழைக்க ஆரம்பிப்பேன்.
சரகோசா நகரம், லாஸ் ஃபுவென்தெஸ் வட்டாரம்,
தனியாக வசிப்பவர்கள் அறுபத்திரண்டு பேர்.
ஜன்னல் தட்டியை இறக்கிவிட்டீர்களா
தலை சுற்றுகிறதா
தண்ணீர் குடித்தீர்களா
சிறுநீர் என்ன நிறம்.

கடைசிக் கேள்விக்கு
ஓய்வுபெற்ற நோட்டரி ஒருவர் போனை வைத்துவிட்டார்.
மறுநாள் அவரே கூப்பிட்டு
“வெளிர்மஞ்சள்” என்றார்,
திரும்பவும் வைத்துவிட்டார்.

ஒப்துலியா சூப்பர்மார்க்கெட்டில்
உறைந்த மீன் பெட்டிக்கு எதிரே நின்று
இரண்டு மணி நேரம் விலை படிக்கிறார்.
எதுவும் வாங்குவதில்லை.
நல்லது, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள் என்றேன்.

மூன்றாம் மாடி எலூத்தேரியோ
பொய் சொல்வார்.
“குடித்தேனே” என்பார்.
அந்தச் சொல்லில் ஈரமே இருக்காது.
காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும்போது
ஒரு சின்னச் சத்தம் வரும்.
இரண்டு கோடையில் என் காது அதைப் படித்துக்கொண்டது.

தம்ளரைப் போன் பக்கம் கொண்டுவாருங்கள் என்றேன்.
நான் காத்திருக்கிறேன்.
செருப்பு தேய்ந்து போகிறது. குழாய் திறக்கிறது.
முதல் தண்ணீர் கொதிக்கும், கொஞ்சம் ஓடவிடுங்கள் என்று
கத்துகிறேன், அவருக்குக் கேட்கவில்லை.
பிறகு
மடக். மடக்.
ஏழுவரை எண்ணினேன்.
“இப்போது திருப்திதானே, பெண்ணே?”

ராத்திரி எழுந்து போகப் பயம், அவ்வளவுதான்.
இடுப்பு எலும்பில் இரும்பு வைத்திருக்கிறது.
கட்டில் பக்கத்தில் ஒரு வாளி வையுங்களேன் என்று
தயங்கித் தயங்கிச் சொன்னேன்.
சிரித்தார்.
“முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டினவன்.
அறுபது மீட்டர் உயரத்தில்
கக்கூஸா கட்டி வைத்திருந்தான்?
ஒரு பாட்டில்தான்.”

வியாழக்கிழமை நாற்பத்திமூன்று டிகிரி.
பதினொரு மணி. அடித்து அடித்து ஓய்ந்தது.
மறுபடி. மறுபடி.
கீழ்வீட்டு எண்ணுக்குப் போனேன்:
பக்காரி, காம்பியாக்காரர்,
இரவெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு
அப்போதுதான் கண்ணயர்ந்தவர்.
என்னவென்று கேட்கவில்லை.
படி ஏறுவது கேட்டது. கதவு இடிபடுவது.
சாவி மிதியடிக்கு அடியில் என்று
எலூத்தேரியோ ஒருமுறை உளறியது
நல்ல வேளை நினைவுக்கு வந்தது.

“கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.
தோல் சுடுகிறது, வேர்வை இல்லை.
என்னை ரமீரோ என்கிறார். யார் ரமீரோ?”
ஆம்புலன்ஸ் வருகிறது என்றேன்.
வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.
சட்டையைக் கழற்றுங்கள்.
துண்டை நனைத்துக் கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில்.
விசிறுங்கள், எதை வைத்தாவது.
பன்னிரண்டு நிமிடம்
ஒரு அட்டைப்பெட்டி மூடி
காற்றை அறையும் சத்தம் மட்டும்.

இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.
தன் பெயரைச் சொல்கிறாராம். கிழமை சொல்லத் தெரியவில்லை.

திங்களன்று பக்காரி கூப்பிட்டார்.
“அந்தப் பட்டியலில் என்னையும் சேர்ப்பீர்களா?
பகலில் தூங்குகிறவன். ஒரே ஜன்னல், மேற்குப் பார்த்தது.
நான் இருப்பது யாருக்கும் தெரியாது.”

படிவம் அறுபத்தைந்துக்குக் கீழே ஏற்க மறுத்தது.
முப்பத்தொன்றை எண்பத்தொன்று என்று அடித்தேன்.

நாலு மணிக்கு அழைத்தேன்.
தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொன்னார், அவர் மொழியில்.
தம்ளர், என்றேன்.
கட்டில் முனகியது. குழாய்.
கொஞ்சம் ஓடட்டும்.
ஓடவிட்டார்.