ஈரக் கழிவு

கோயமுத்தூர்க் கடையிலிருந்து மூன்று பெட்டிகள்
கோத்தகிரிக்கு மலையேறி வந்தன.
ஒரு வாரம் ஊதிப் பார்க்கலாம், கீறல் விழக்கூடாது.
சபைக் கமிட்டி தந்த தாளில் நான்கு கட்டம்:
ஓசை, சுருதி, விலை, வசதி.
பத்துக்கு எத்தனை என்று நான்தான் எழுத வேண்டும்.
எங்கள் பேண்டில் யூஃபோனியம் ஊதுவது நான் ஒருத்தி.

முதல் வேலையாக மூன்றையும்
ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்
இலைத் தராசில் நிறுத்தேன்.
பத்தொன்பது வருடமாய் எனக்குத் தெரிந்த நியாயம் அது.
நான்கு கிலோ தொள்ளாயிரம்.
நான்கு நானூறு.
மூன்று எண்ணூற்றைம்பது.
முப்பது கிலோ மூட்டையை இறக்கிவிட்டு நின்ற பெள்ளியம்மா
"இதுல ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பே?" என்றாள்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
தினமும் அவளிடம் இரண்டு கிலோ கழிக்கிற நானும்.

லேசானதற்கு நான்கு வால்வும் மேலேயே, வரிசையாக.
வலக்கை போதும். நான்காவது, சுண்டுவிரலுக்கு.
டீ கிளாஸ் பிடிக்கையில் விறைத்து நிற்பதைத் தவிர
அதற்கு இதுவரை உத்தியோகம் கிடையாது.
பொருளாளர் பாக்கியநாதனுக்கு விலையும் பிடித்தது.
"உன் கைக்கு இதுதாம்மா தோது" என்றார்.
கை என்று அவர் சொன்னது இடக்கையை.
அதைப் பார்க்காமல் சொன்னார்.

நடுவிரலில் மேலிரண்டு கணு
இலை அரைக்கும் ரோலரோடு போயிற்று.
ஒரு ஆகஸ்ட். கரண்ட் போயிருந்தது,
அடைப்பை எடுக்கக் கைவிட்டேன்,
கரண்ட் வந்தது.
அப்புறம்தான் தராசடிக்கு மாற்றினார்கள்.
சபையின் பழைய வாத்தியத்துக்கு மூன்றே வால்வு,
எல்லாம் வலக்கைக்கு.
பாட்டுல எனக்கு ஒண்ணும் போகலை
என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்,
கேட்காதவர்களுக்கும்.
அடிமட்டத்தில் நான்கு சுரம் அதில் கிடையாது.
அவை வரும் இடத்தில் மேல் ஸ்தாயியில் ஊதிவிட்டு இறங்குவேன்,
பாலம் உடைந்த ஓடையை
மேட்டுப் பக்கமாய்ச் சுற்றிப் போகிறவள் மாதிரி.

நடு எடைக்காரன் பளபளப்பில் முதல்.
ஊதுகுழாய்தான் உயரம். மடியில் வைத்தால்
மவுத்பீஸ் என் மூக்குக்கு வந்தது.
ஞானப்பாட்டுப் புத்தகம் நான்கை அடுக்கி
மேலே உட்கார்ந்து ஒரு பல்லவி ஊதினேன்.
ஹெர்பர்ட் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.
இசைக்கா புத்தகத்துக்கா, தெரியவில்லை.

கடைசியாகக் கனமானது.
மூன்று வால்வு மேலே. நான்காவது
பக்கவாட்டில், இடக்கைக்கு.
மாஸ்டருக்கு ஆசை இதன்மேல்தான் என்று
அவர் ஒன்றும் சொல்லாததில் தெரிந்தது.
இலை மூட்டையை அணைப்பதுபோல் சுற்றிப் பிடித்தேன்.
ஆள்காட்டி விரல் பொத்தானைத் தாண்டிப் போனது.
மோதிர விரலும் தாண்டிற்று.
நடுவிரல், அதாவது அதில் மிச்சம் இருப்பது,
நேராகப் பொத்தான் மேல் வந்து உட்கார்ந்தது.
முழுசாய் இருந்திருந்தால் மடக்க வேண்டியிருக்கும்.

காலை ஏழு மணி. பனி ஜன்னல்வரை.
பித்தளைச் சில்லிப்பு, நுனியில்லாத நுனியில்
சுரீர் என்று ஏறி முழங்கைவரை போனது.
அழுத்தினேன். முதலில் வெறும் காற்று.
இந்த உயரத்தில் மூச்சை இரண்டு தவணையாகத்தான் வாங்க வேண்டும்.
இன்னொரு முறை.

மூலையில் யாரும் தொடாத ஸைடு டிரம்,
அடிக்கம்பிகள் கிறுகிறுவென்று அதிர்ந்தன.
அப்படித்தான் தெரிந்தது சுரம் வந்துவிட்டதென்று.
நான்கில் எது என்றுகூட எனக்குப் புரியவில்லை.
மாஸ்டர் விரலால் காட்டினார்: மூன்றாவது.

வசதி: ஒன்பது.
குறிப்பு: குளிருக்குக் கழிவு ஒன்று.

"ஒன்பதா? நாலு கிலோ தொள்ளாயிரத்துக்கா?"
பாக்கியநாதன் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு பதில் இருப்பதுபோல.
விலை வித்தியாசம் நாற்பத்தோராயிரம்,
கிறிஸ்துமஸுக்கு ஏழு வாரம்,
கூரைக்கு வேறு தகரம் வாங்க வேண்டும்.
அவர் கணக்குச் சொல்லச் சொல்ல
நான் நீர்ச்சாவியை அழுத்தி
உள்ளே தங்கிய என் மூச்சைக் கல்தரையில் சொட்டவிட்டேன்.
ஐந்து கிராம் இருக்கும்.
கைப்பழக்கம், கழித்துக்கொண்டேன்.