காணும்

பச்சைத் துணி விரித்து இரண்டை வைத்தார் நஸ்வான்,
நான் வளையல் எடுத்து வைக்கிற மாதிரி,
விலையைக் கடைசியில் சொல்லலாம் என்பதுபோல்.

ஒன்று ஒஸ்திரியாவில் செய்தது.
ஒரு பழைய த்ரீவீலின் விலை.
மற்றது றிவோல்வர். பிடி பிளாஸ்டிக்,
செய்த ஊரின் பெயர் தேய்ந்து மூன்றெழுத்து மிச்சம்,
ஒரு நடுத்தர ஃபிரிட்ஜின் விலை.
"உங்களுக்கு இது காணும் மிஸிஸ்."

காணும்.
கொட்டாஞ்சேனையில் பதினெட்டு வருஷமாக
அடகுக் கடை வைத்திருக்கிறவளுக்கு
அந்தச் சொல்லில் நம்பிக்கை குறைவு.
இவ்வளவு காணும் என்று எண்ணி வாங்கிப் போனவர்கள்
அடுத்த மாதம் காதுத் தோட்டையும் கழற்றிக்கொண்டு
அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள்.

பொன்னென்றால் உரைத்துப் பார்ப்பேன்.
கல்லில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு துளி அமிலம்,
செம்பு பச்சையாய்ப் பொங்கித் தன்னைக் காட்டிக் கொடுக்கும்.
இதை எதில் உரைக்க?

"சுடுமா?"
"சுடும்."
"எப்பவும்?"
துணியின் சுருக்கத்தைத் தடவிவிட்டார்.
"வருஷத்துக்கு எத்தனை தரம் சுடப் போறீங்க மிஸிஸ்?"

நியாயமான கேள்வி.
ஆயுசுக்கு ஒருதரம்.
அதுவும் இல்லாமல் போனால் நல்லது.
மலிவான குடை காற்றில் மடங்கினால்
நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம்.
இது மடங்கினால்?

மலிவானதையே வாங்கினேன்.

லைசன் வரப் பதினாலு மாதம்.
இரண்டு விசாரணை, ஒரு வைத்தியச் சான்றிதழ்,
பழைய விலாசத்தை மூன்று தரம் கேட்டார்கள்.
இதே ஆமர் வீதிச் சந்தியில் ஒருகாலம்
என் கைப்பையைக் கவிழ்த்து
குங்குமச் சிமிழைத் திறந்து மோந்து பார்த்தார்கள்.
அப்போது என்னிடம் துவக்கு இருக்கவில்லை,
இருக்கிறதென்று நினைத்தார்கள்.

ஐப்பசி மழையில், மத்தியானம், வந்தார்கள்.
ஹெல்மட் கழற்றாத இருவர்.
சின்னவன் நீட்டியது தண்ணீர்க் குழாயில் செய்தது,
வெல்டிங் தடம், சைக்கிள் டியூப் சுற்றிய பிடி.
என் லாச்சி ஒரு சாண் திறந்திருந்தது.
விரல் பிளாஸ்டிக்கில்.

சத்தியமாகச் சொல்கிறேன்,
பயந்ததைவிட அதிகம் மதிப்பிட்டேன்.
பழக்கதோஷம்.
இது ஐயாயிரம் பெறாது.
வெடித்தால் முன்னாலா பின்னாலா என்று
இவனுக்கே தெரியாது.
நகக்கண்ணில் நீலச் சாயம்,
கை குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கியது.
யாரோ இவனிடமும் சொல்லியிருப்பார்கள்:
தம்பி, உனக்கு இது காணும்.

லாச்சியை மூடினேன்.
அவர்கள் போன பிறகு இல்லை,
அதற்கு முன்பே.

பதினொரு வளையல்.
சந்தையில் மீன் விற்கும் பிலோமினாவின் தாலிக்கொடி.

"ஏன் சுடல்ல?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.
"மழைக்குப் பலகை ஊதி
லாச்சி இறுகிப்போச்சு, சேர்."
எழுதிக்கொண்டார்.
இரவு நஸ்வான் போன் எடுத்தார்,
குரலில் வியர்வை: "சாமான் பிழையா மிஸிஸ்?"
"இல்லை, லாச்சிதான்."
அவருடைய சாமானின் மானம் தப்பியது.

இன்று லைசன் புதுப்பிக்கும் நாள்.
சாப்பாட்டுப் பையில், இடியப்பப் பெட்டிக்குக் கீழே வைத்துப்
பொலிஸுக்குக் கொண்டுபோனேன்.
கான்ஸ்டபிள் ரவைகளை மேசையில் நிறுத்தி எண்ணினார்,
எகய், தெகய், துனய்...
ஆறும் இருந்தது. அவருக்குத் திருப்தி.
துவக்கு நல்லதா என்று அவர் கேட்கவில்லை.
எனக்கும் இன்னும் தெரியாது.

வருகிற வழியில் சந்தை.
சனிக்கிழமைகளில் பிலோமினாவுக்கு
கொடிக்கணக்கில் இரண்டாயிரம் கொடுக்கிறேன்.
ஈரக்கையால் எண்ணிப் பார்த்து
"காணாது மிஸிஸ்" என்றாள்.

காணாதுதான்.
நோட்டைச் சட்டைக்குள் செருகிவிட்டுக்
கத்தியை எடுத்தாள்.
காத்திருந்த ஒருவருக்குப் பாரையின் தலை
ஒரே வெட்டில் விழுந்தது.