பத்தி பத்தொன்பது

செவ்வாய்க்கிழமைகளில் தீர்ப்பு ஏறும் என்றார் வக்கீல்.
ஏறும் என்றால், இணையத்தில்.
இது நாலாவது செவ்வாய்.

மொன்டானாவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
கன்று ஈனும் பருவம். கையில் இன்னும் அயோடின்;
என் பெயரின் முதல் எழுத்து
விசைப்பலகையில் மஞ்சளாகிவிட்டது.

ஹோவ்லண்ட் என்று தேடினேன்.
பனிவண்டி திருடிய ஒரு ஹோவ்லண்ட் வந்தார்.
மனைவியின் காப்பீட்டுப் பணத்துக்கு
ஒன்பது ஆண்டு அலைந்த ஒருவர்.
காளையை ரயில் அடித்ததற்கு
நாற்பது டாலர் கேட்டு இருபத்திரண்டு வாங்கிய,
1931ஆம் ஆண்டின் ஒருவர்.
என் கணவருக்குப் பெரியப்பா முறை ஆகலாம்.

உள்ளூர்ச் செய்தித்தாளைத் தட்டினேன்.
இம்மாதத்து மூன்று இலவசக் கட்டுரைகளும் தீர்ந்தன என்றது.
மூன்றையும் வானிலைக்குச் செலவழித்திருந்தேன்.

கடைசியில் வழக்கு எண்.
வட்டம் சுற்றுகிறது.
எங்கள் பள்ளத்தாக்கில் இணையமும்
ஆகஸ்ட் மாதத்து வாய்க்கால் மாதிரி,
மேட்டில் இருப்பவருக்குப் போக மிச்சம்தான் வரும்.
மேட்டில் இருப்பவர் கிளெல் பிரெக்கஸ்.
கூரையில் புது டிஷ் வைத்திருக்கிறார்.

ஹோவ்லண்ட் எதிர் பிரெக்கஸ்.
நாற்பது கோடையாக அந்த மடை வழியே
எங்களுக்குத் தண்ணீர் வருவது வழக்கம்.
அவர் பூட்டுப் போட்டார். வழக்கம் வழக்கானது.
ஆறு ஆண்டாக இந்த ‘எதிர்’ என்ற சொல்லைப் பார்க்கிறேன்.
வயலுக்கு எதிரே அவர் சமையலறை ஜன்னல்.
விளக்கு எரிகிறது. அவரும் தேடுகிறார்.

அணைந்தது.

என் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
அவருக்கு வந்துவிட்டது. தோற்றவர்தானே
இப்படிச் சட்டென்று விளக்கை அணைப்பார்.
பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் இனித்தது.

பிறகு எனக்கும் வந்தது. இருபத்தொரு பத்திகள்.
மாட்டுக் காதில் வில்லை குத்துவதுபோல
நீதிபதிகள் பத்திக்கு எண் குத்துகிறார்கள்.
ஒன்றில் நான் ‘மேல்முறையீட்டாளர்’.
ஐந்தில் என் வாய்க்கால், ‘தாவாவுக்குரிய கால்வாய்’.
பதினொன்றில் ஆர்னே, பக்கத்தில் அடைப்புக்குறி,
உள்ளே ‘காலமானவர்’.

பத்தொன்பதில் பிரெக்கஸின் சாட்சியம்.
அவர் அதைச் சொன்ன நேரத்தில்
நான் நீதிமன்ற நடைக்கூடத்தில்
சில்லறையை விழுங்கிய காப்பி எந்திரத்தை
உதைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆர்னே போன கோடையில்
அந்த அம்மாள் வயல் பக்கமே வரவில்லை.
மடையை நான்தான் திறந்துவிட்டேன்.
அடுத்த வருஷமும். அதற்கடுத்ததும்.
அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
இல்லை என்றிருக்க மாட்டேன்.”

இருபதில் நீதிமன்றம் சொல்கிறது:
அயலாரின் இணக்கத்தால் ஓடிய நீர்
எத்தனை ஆண்டு ஓடினாலும் உரிமை ஆகாது.
இருபத்தொன்று: கீழ்த் தீர்ப்பு உறுதி.

அவர் நல்லவர் என்று நிரூபணமாகி
நான் தோற்றிருக்கிறேன்.

அந்தக் கோடையில் புல் இடுப்பளவு நின்றது.
மழை என்று நினைத்தேன்.
கடன் கேட்கப் போன வங்கியிலும்
மழை என்றே சொன்னேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்து:
இத்தீர்ப்பை எவரும், எந்த வழக்கிலும்
முன்னுதாரணமாகக் காட்டலாகாது.

கோப்பைச் சேமிக்கவா என்று கேட்டது.
பதில் சொல்லாமல் பூட்ஸை மாட்டினேன்;
எண்பத்தெட்டாம் எண்காரிக்கு முதல் ஈற்று,
சாயங்காலமே படுத்துவிட்டாள்.

முற்றத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன்:
அவர் கொட்டகையில் விளக்கு,
திறந்த கதவு, மாட்டின் மூச்சு புகையாக,
கயிற்றோடு குனிந்த ஒரு முதுகு.
அவர் இன்னும் படித்தே இருக்கமாட்டார் போல.